மலை ஏற ஏற மாறும் பறவைகள்

அவிசாவளையில் தொடங்கி கித்துல்கலை, ஹட்டன், தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாகச் செல்லும் ஏ7 நெடுஞ்சாலை, 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் முடிகிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். குளிர் கூடக்கூட மரங்கள் மாறுகின்றன. மரங்களோடு பூச்சியும் பழமும் மாற, அவற்றைத் தின்று வாழும் பறவைகளும் மாறுகின்றன. சில மணிநேரப் பயணத்திலேயே இத்தனை மாற்றத்தையும் பார்க்கக் கிடைக்கிறது.

கூண்டும் காடும்

பாடசாலை விடுமுறையில் மலையகக் குடும்பங்கள் கொழும்புக்குப் போனால் தெஹிவளை மிருகக்காட்சிசாலையையும் பார்த்துவிட்டு வருவது வழக்கம். ஜெர்மானியரான ஜோன் ஹேகன்பெக் 1920களில் தொடங்கிய விலங்குத் தொகுப்பை 1936இல் அரசு பொறுப்பேற்றது. வெவ்வேறு கண்டங்களின் விலங்குகளைப் பிள்ளைகள் அங்கே ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் ஓர் உயிர் எதைத் தேடித் தின்கிறது, எங்கே கூடு கட்டுகிறது, எந்த மரத்தை நம்பி வாழ்கிறது என்பதைக் கூண்டுக்கு வெளியேதான் அறிய முடியும். வீடு திரும்பும் வழியே அதற்கு ஏற்ற இடம்.

முதலில் வருவது கித்துல்கலை. களனி கங்கைக் கரையிலுள்ள இந்தத் தாழ்நில மழைக்காட்டில் 1995இல் இனம் தெரியாத ஓர் ஆந்தையின் குரல் கேட்டது. பறவையியலாளர் தீபால் வரகாகொட அதைத் தேடிக்கொண்டே இருந்தார். 2001இல் சிங்கராஜக் காட்டில் அது கண்ணில் பட்டது. 2004இல் அறிவியலுக்குப் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது.

தேயிலை மலையில்

ஹட்டனைத் தாண்டி லிந்துலையை நெருங்கும்போது சாலை 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. மழைக்காட்டுப் பறவைகளின் இடத்தைத் திறந்தவெளிப் பறவைகள் பிடிக்கின்றன. கொழுந்து மலையில் தேயிலைச் செடியின் உச்சியில் நிமிர்ந்து உட்காரும் சிறு கறுப்புப் பறவை ஆண் புதர்ச்சிட்டு. பறக்கும்போது இறக்கையிலும் இடுப்பிலும் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். தரையில் பூச்சியைக் கண்டதும் பாய்ந்து பிடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். இலங்கையில் இந்தப் பறவையைக் காண மலைநாட்டுக்குத்தான் வரவேண்டும். கட்டடங்களின் உட்கூரையில் சேற்று உருண்டைகளை ஒட்டிக் கிண்ணம்போல் கூடு கட்டுவது தகைவிலான். பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் இதன் கூட்டைக் கலைக்காமல் விடுவது வீட்டாருக்கும் நன்மையே.

காஷ்மீரிலிருந்து வரும் விருந்தாளி

நுவரெலியா நகரின் நடுவேயுள்ள விக்டோரியா பூங்கா, மரமடர்ந்த ஓடைக்கரைக்காகப் பறவை ஆர்வலர்களிடையே பேர்பெற்றது. ஒக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே காஷ்மீர் ஈப்பிடிப்பானைக் காணலாம். ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள். இருபுறமும் கறுப்புக் கோடு. தாழ்ந்த கிளையில் அமர்ந்து வாலை அடிக்கடி மேலே உதறும். இமயமலைப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் இந்தச் சிறு பறவை, குளிர்காலத்தைக் கழிக்க ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் பறந்து வருகிறது. ஆறுமணிக்குருவியும் அதே பருவத்தில் வந்து சருகுகளைக் கிளறி இரை தேடும்.

இங்கே மட்டும் ஏன்?

நுவரெலியாவுக்கு மேலே, 2,100 மீட்டருக்கும் உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளி இருக்கிறது. 1988இல் தேசியப் பூங்காவான இது 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மஞ்சள் காதுச் சின்னான், இலங்கை வெள்ளைக்கண்ணி, இலங்கைக் காட்டுப்புறா, சீழ்க்கைப் பூங்குருவி ஆகியவை இங்குள்ள முகில் காடுகளில் வாழ்கின்றன. இலங்கைக்கே உரிய 30க்கும் மேற்பட்ட பறவையினங்களில் இவையும் அடங்கும்.

இவற்றில் சிலவற்றின் நெருங்கிய உறவினங்கள் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளன. பனியுகங்களில் கடல் தாழ்ந்தபோது இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. அப்போதும் இரு மலைகளுக்கும் இடையே கிடந்த வறண்ட சமவெளி, குளிர்காட்டுக்குப் பழகிய பறவைகளுக்குத் தடையாக இருந்தது. பிரிந்து நீண்டகாலம் வாழ்ந்தவை தனித்தனி இனங்களாயின. இன்றும் இவற்றால் வெப்பமான தாழ்நிலத்துக்கு இறங்கி வாழ முடியாது. பூமி சூடாகும்போது மேலே ஒதுங்கவும் அதிக இடமில்லை.

எஞ்சிய காடு

முதலில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையையொட்டி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பதை 1870களில் குடியேற்ற அரசு நிறுத்தியது. சிகரங்களில் இன்று காடு எஞ்சியிருப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். அக்காடுகள் முகிலிலிருந்து நீரைப் பிடித்து ஓடைகளுக்குத் தருகின்றன. அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து வரும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவோடு கலந்து மகாவலியைச் சேர்கிறது.

பறவை பார்க்க அதிக செலவில்லை. விடிந்ததும் ஓரிரு மணிநேரம், மங்கிய நிற உடை, இயன்றால் ஓர் இருகண்ணோக்கி போதும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், கூட்டை நெருங்குவதும் குஞ்சுகளுக்குக் கேடு. பார்த்த பறவை, இடம், நாள் மூன்றையும் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதிவந்தால், ஆண்டுதோறும் எது குறைகிறது என்பது தெரியவரும். தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடைகளின் கரைமரங்களை வெட்டாமல் காப்பது அடுத்த கடமை. காட்டுத் துண்டுகளைப் பறவைகளுக்கு இணைத்துத் தருபவை அந்த மரங்களே. லயங்களுக்கு வரும் தண்ணீரைக் காப்பவையும் அவையே.