எட்டுக்குள் அடங்காத சாலை

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பிள்ளை லைசென்ஸ் எடுக்கப் போகிறது என்றால் வீட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “எட்டு போட வருதா?” காலை ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், பாதி கிளட்ச்சில் வண்டியை நெளித்து எடுத்துவிட்டால் பிரேக் இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிடுவார் என்று நம்பிக்கை. அதற்கு முந்தைய எல்.எல்.ஆர். தேர்வு இன்னும் லேசு. கேட்ட கேள்விகளில் 60 சதவீதத்துக்குச் சரியாகப் பதில் சொன்னால் போதும். வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல் என்று ஒரே இரவில் உருப்போட்டுவிடலாம்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். ஆனால் கையில் கிடைத்து 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டிக் காட்டவே போக முடியும். அந்த 30 நாளும் சாலையில் ஓட்டிப் பழகுவதற்கு. வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ மாட்டியிருக்க வேண்டும். காரில் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பைக்கில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தேர்வில் பார்க்கச் சொல்வதும் நீளமான பட்டியல்: முந்துவது, முந்தவிடுவது, திரும்புவது, அவசரமாக நிறுத்துவது, பின்னால் எடுப்பது. நம் ஊர்ப் பேச்சில் அத்தனையும் சுருங்கி ஓர் எட்டாகிவிட்டது.

சமதளத்தில் போட்ட அந்த எட்டோடு கல்லணைக் கால்வாய்க் கரையிலும் வெண்ணாற்றங்கரையிலும் வண்டி ஓட்டிப் பார்த்தால் பற்றாக்குறை தெரியும். ஒரு பக்கம் வயல், மறு பக்கம் தண்ணீர், நடுவில் ஒரு பஸ் போகிற அகலத்துக்குத் தார். பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. ஐப்பசி மழையில் தார் ஓரத்து மண் ஊறிக் குழைந்திருக்கும். எதிரே பஸ் வந்ததும் பதறி மண்ணில் இறக்கினால் சக்கரம் வாய்க்காலைப் பார்த்துத்தான் இழுக்கும். அகலமான இடத்திலேயே நின்று, பஸ்ஸை விட்டுவிட்டுப் போவதுதான் வழி. கார் தண்ணீரில் விழுந்துவிட்டால் கதவோடு மல்லுக்கட்டக் கூடாது, வெளியே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் திறக்க விடாது. பெல்ட்டைக் கழற்றி, தண்ணீர் ஏறுவதற்குள் கண்ணாடியை இறக்கி வெளியே வர வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும்வரை கால்வாயில் தண்ணீர் வரும் ஊரில் இது பாடமாக இருக்க வேண்டாமா?

டிராக்டர் இன்னொரு சங்கதி. வயலில் யார் ஓட்டினாலும் கேட்பாரில்லை. சட்டம் லைசென்ஸ் கேட்பது பொது இடத்தில்தான். ஆனால் அடுத்த வயலுக்குப் போக நூறு அடி தார்ச்சாலையில் ஏறினாலும் அது பொது இடம். பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்து விபத்து நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அப்பாவுக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது. பின்விளக்கு இல்லாத டிரெய்லரையும், வைக்கோலைச் சாலையின் பாதி வரை பிதுக்கிக்கொண்டு போகும் லாரியையும் இருட்டில் எப்படிக் கண்டுகொள்வது என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது நெல். குறுவை அறுவடையிலும், தை மாசியில் சம்பா அறுவடையிலும் டெல்டாவின் சாலைகள் பாதி களமாகிவிடும். ஒரு பக்கத்தை நெல் அடைத்துக்கொள்ள, விளிம்பில் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால், கறுப்புச் சாலையில் கறுப்புக் குவியல். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பைக் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். டிம் விளக்கில் குவியலைக் கண்டு, கை பிரேக்குக்குப் போவதற்குள் கதை முடிந்திருக்கும்.

பரப்பிய நெல்மேல் பிரேக் பிடித்தால் மணிகள் டயருக்கடியில் உருளும், முன்சக்கரம் நழுவும். அதனால் நெல்லுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அதன்மேல் ஏறியே ஆக வேண்டுமென்றால் ஹேண்டிலை நேராகப் பிடித்து, சாயாமல், பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். எட்டு போடப் பழகிய கைக்கு இது நேர் எதிரான வித்தை.

சாலையில் நெல் கொட்டுவது குற்றமில்லையா என்றால், குற்றம்தான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவு, பொதுவழியில் இடையூறு செய்பவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் விவசாயியைச் சாலைக்குத் தள்ளுவது எது? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் ஈரம் அதைவிட அதிகம். 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசைக் கேட்பது ஏறக்குறைய வருடாந்திரச் சடங்கு. களம் இல்லாத ஊரில் வெயில் பட்டதும் சூடேறுகிற ஒரே தளம் தார்ச்சாலை. போலீஸ் விரட்டினால் நெல் அடுத்த தெருவுக்குப் போகும், அவ்வளவே. ஊருக்கு ஊர் சிமென்ட் களமும், கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரமும் வந்தால் சாலை தானாகக் காலியாகும்.

அது வரும்வரை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் ஒன்று செய்யலாம். தை மாசியில் சேருகிறவர்களை ஒருநாள் ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்துக் கிராமச் சாலைகளுக்குக் கூட்டிப்போய், பகலில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை ஓட்ட வைக்கலாம். பெட்ரோல் செலவு கொஞ்சம் கூடும்; கட்டணத்தில் நூறு இருநூறு சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும்.