கொத்துச் சேர்மத்தில் ஈனிகளின் இடம்

உலோக அணுக்கள் பிறவற்றோடு மட்டுமன்றித் தம்முள்ளும் பிணைந்து நிற்கும் சேர்மத்தைக் கொத்துச் சேர்மம் என்பர். ஈண்டு ஆராயப்படுவது மூன்று ருத்தேனிய அணுக்கள் முக்கோணமாய் அமைந்த கொத்து. அணுவொன்றுக்கு நான்காகப் பன்னிரண்டு கார்பனைல்கள் அதனைச் சூழ்கின்றன. அந்நான்கனுள் இரண்டு முக்கோணத் தளத்திலும், ஏனையவை அதன் மேலும் கீழும் நிற்பன. ருத்தேனிய அணுக்களின் இடைத்தொலைவு ஏறத்தாழ 2.85 ஆங்ஸ்ட்ராம்.

சில கார்பனைல்களை நீக்கி, பாஸ்பீனையும் ஆர்சீனையும் உலோகத்தைப் பற்றும் ஈனிகளாகப் புகுத்தினால் அவை அமரும் இடம் யாது? வாய்பாடு எண்ணிக்கையைக் கூறுமேயன்றி இடத்தைக் கூறாது. அதனைத் தெளிவிப்பது எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வே. பருத்த இவ்வீனிகள் நெருக்கம் குறைந்த முக்கோணத் தளத்திலேயே பெரும்பாலும் அமர்வன.

பாஸ்பரசும் ஆர்சனிக்கும் ஒரே தொகுதியின. ஆதலின் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடும். எனினும் பாஸ்பரசின் எலெக்ட்ரான்கள் 15. ஆர்சனிக்கின் எலெக்ட்ரான்கள் 33. எலெக்ட்ரான் மிக்க அணு கதிரை மிகுதியாகச் சிதறச் செய்யும். உலோகத்தினின்று அதன் தொலைவும் ஏறத்தாழ 0.1 ஆங்ஸ்ட்ராம் மிகும்.

படிக அமைப்பு கண்ணாற் கண்ட காட்சியன்று. சிதறிய கதிர்ப்புள்ளிகளினின்று கணித்துப் பெற்ற கருதல். ஆதலின், சிதறலும் தொலைவும் ஒத்தவழியே ஐயம் நீங்கும் என்பது அறியற்பாலது.