ஒரு ரூபாய் எடையுள்ள விருந்தாளி

கனடா நாட்டின் பிரெய்ரிச் சமவெளியில் பனி உருகி மரங்கள் துளிர்ப்பதற்குள் மே மாதம் வந்துவிடும். ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபா என்னும் மூன்று மாகாணங்களில் பரந்து கிடக்கும் பூமி அது. கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை வயல். குளிர்காலத்திலோ பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி, சில நாட்களில் நாற்பது டிகிரி கூட. இப்படிப்பட்ட இடத்துக்கு மெக்சிகோவிலிருந்தும் அதற்கும் தெற்கே உள்ள வெப்ப நாடுகளிலிருந்தும் ஒரு விருந்தாளி வருஷந்தோறும் வந்து சேர்கிறது. எடை மூன்று கிராம். நம் சட்டைப் பையில் கிடக்கும் ஒரு ரூபாய் நாணயம் எவ்வளவு கனமோ அவ்வளவுதான். மூக்கிலிருந்து வால் வரை அளந்தால் நடுவிரல் நீளம். அதுதான் ஹம்மிங் பறவை. சிறகடிக்கும்போது வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஓசை எழுவதால் வந்த பெயர்.

நம் ஊரில் செம்பருத்திப் பூவில் மூக்கை நுழைக்கும் குட்டிப் பறவையைக் காட்டி, “இதோ ஹம்மிங் பறவை” என்று சொல்பவர்கள் உண்டு. அது தேன்சிட்டு. குடும்பமே வேறு. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். ஹம்மிங் பறவையோ அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். குடித்து முடித்ததும் பின்பக்கமாகவே பறந்து விலகும். விநாடிக்குப் பல தடவை சிறகடித்தால்தான் இந்த வித்தை நடக்கும். முந்நூற்றைம்பது வகைக்கு மேல் இருந்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இந்தப் பறவை இயற்கையில் எங்குமே கிடையாது.

அத்தனை வகைகளில் பிரெய்ரிக்கு வழக்கமாக வருவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. ஆணின் தொண்டையில் மாணிக்கக் கல் பதித்தாற்போல் சிவப்பு மின்னுவதால் அதற்கு ‘மாணிக்கக் கழுத்து’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெட்டவெளிப் புல்தரையில் இதைத் தேடிப் பயனில்லை. ஆற்றோர மரங்கள், வடக்கே பாப்லர் மரக் கூட்டங்கள், பண்ணை வீட்டைச் சுற்றிக் காற்றைத் தடுக்க நட்ட மரவேலி, எட்மண்டன், சாஸ்கட்டூன், வின்னிபெக் நகரங்களின் வீட்டுத் தோட்டங்கள் ஆகியவைதான் அதன் இடம்.

மே மாதத்தில் அங்கே பூவே அதிகம் இருக்காதே, வந்த பறவை எதைத் தின்னும்? ஒரு மரங்கொத்தி இதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. பிர்ச், பாப்லர் மரங்களின் பட்டையில் வரிசை வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, கசியும் சாற்றைக் குடிப்பது அந்த மரங்கொத்தியின் பிழைப்பு. அது அந்தப் பக்கம் போனதும் ஹம்மிங் பறவை வந்து அதே துளையில் சாற்றைக் குடிக்கும். சாற்றில் ஒட்டிக்கொண்ட பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். ஒருவர் கிணறு வெட்ட, இன்னொருவர் தண்ணீர் இறைப்பது போலத்தான்! கோடையில் பிறகு பூவுக்குக் குறைவில்லை. ஈரமான இடங்களில் முளைக்கும் ஒரு செடியின் ஆரஞ்சு நிறப் பூ என்றால் இதற்கு உயிர். அந்தச் செடி வேறு யாருமில்லை, நம் வீட்டு வாசலில் பூக்கும் காசித்தும்பையின் நெருங்கிய உறவுதான்.

கழுத்தை நம்பினால் மோசம்

சிவப்புக் கழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்தச் சிவப்பு சாயமல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம். பறவை தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், கழுத்து கன்னங்கரேல் என்று ஆகிவிடும். மேகம் மூடிய நாளில் கேட்கவே வேண்டாம். பெண்ணுக்கோ சிவப்பே கிடையாது. தொண்டை வெள்ளை, முதுகு பச்சை. அந்த வருஷம் பிறந்த குஞ்சுகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். போதாக்குறைக்கு ஆண் பறவைகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியில் தோட்டத்துக்கு வருபவை பெரும்பாலும் பெண்களும் குஞ்சுகளும்தான்.

சிக்கல் வருவதும் அப்போதுதான். மேற்கே ராக்கி மலைப் பக்கம் வாழும் ‘ரூஃபஸ்’ என்னும் காவி நிற ஹம்மிங் பறவை ஜூலை, ஆகஸ்டில் தெற்கே திரும்பும் வழியில் சமவெளிக்கும் எட்டிப் பார்க்கும். கால்கரிப் பக்கத்து மலையடிவாரத்தில் இது புதிதல்ல. கிழக்கே போகப் போக அபூர்வம். இதன் ஆணைக் கண்டுபிடிப்பது சுலபம்: உடம்பெல்லாம் காவி, சிறகில் உலோகம் உரசுவது போன்ற கிணுகிணுப்பு, குணமோ மகா சண்டைக்காரன். பெண்ணும் குஞ்சும்தான் மாணிக்கக் கழுத்தின் பெண்ணைப் போலவே பச்சை முதுகோடு வந்து ஆளை மயக்கும். அப்போது பார்க்க வேண்டியது கழுத்தை அல்ல, விலாவையும் வாலையும். விலாவில் காவி படர்ந்து, விரித்த வாலின் அடிப்பகுதியிலும் காவி தெரிந்தால் அது ரூஃபஸ். மாணிக்கக் கழுத்தின் பெண்ணுக்கு வாலில் காவி இருக்காது.

மலைப்பக்கம் ‘கலையோப்பி’ என்று இன்னொன்றும் உண்டு. கனடாவிலேயே மிகச் சிறிய பறவை இதுதான். உட்கார்ந்திருக்கும்போது சிறகின் நுனி வாலின் நுனியைத் தொட்டுவிடும். வால் அவ்வளவு குட்டை. அந்தி நேரத்தில் பூவுக்குப் பூ தாவும் பெரிய அந்துப்பூச்சியை ஹம்மிங் பறவை என்று எண்ணிக் கூப்பாடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தலையில் உணர்கொம்பு இருந்தால் அது பூச்சி.

இத்தனை நுணுக்கம் எதற்கு, எந்தப் பறவையானால் என்ன என்று கேட்கலாம். 1970-க்குப் பிறகு ரூஃபஸ் பறவைகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அபாயத்தை நெருங்கும் இனங்களின் வரிசையில் சேர்த்தது. அது எங்கே போகிறது, எப்போது போகிறது என்று தெரிந்தால்தானே காப்பாற்ற வழி தேட முடியும்? 2010 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெண் ரூஃபஸைப் பிடித்து, காலில் எண் பொறித்த நுண்ணிய வளையம் மாட்டிவிட்டார்கள். அதே வருஷம் ஜூன் மாதம் அது அலாஸ்காவில் மறுபடி அகப்பட்டது. இரண்டுக்கும் இடையே 3,500 மைலுக்கு மேல்! இப்படி வளையத்தோடு சிக்குபவை மிகச் சில. மற்றபடி வீட்டுத் தோட்டத்தில் பார்த்தவர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளையும் படங்களையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். குறிப்பில் பெயர் தப்பானால் கணக்கும் தப்பாகிவிடும்.

மாணிக்கக் கழுத்தின் பயணமும் லேசுப்பட்டதல்ல. கிளம்புமுன் கொழுப்பைச் சேர்த்து உடல் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்ளும். பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடக்கின்றன. சுமார் 800 கிலோ மீட்டர். மும்பையிலிருந்து நாகபுரிக்கு ரயிலில் போகும் தூரம். வழியில் ஸ்டேஷனும் இல்லை, இட்லிக் கடையும் இல்லை.

பிரெய்ரியில் பலர் வீட்டு ஜன்னலோரம் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிடுகிறார்கள். ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர்; சிவப்புச் சாயமும் தேனும் கூடாது; வெயில் நாளில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும். செப்டம்பரில் குப்பியை எடுக்காவிட்டால் பறவை தெற்கே போகாமல் தங்கிவிடும் என்று அங்கே ஒரு பயம் உண்டு. அது வீண் பயம். பொழுது சுருங்குவதைக் கண்டு கிளம்புகிற பறவையைச் சர்க்கரைத் தண்ணீர் நிறுத்தாது. பின்தங்கி வருபவற்றுக்கு அந்தக் குப்பி வழிச்சாப்பாடாக உதவும். எல்லாம் போய்விட்டன என்று நினைத்த பிறகு, அக்டோபர் குளிரில் ஒரு ஹம்மிங் பறவை வந்து நின்றால், உள்ளூர்ப் பறவைக்காரர்கள் உடனே கேட்பது ஒரே ஒரு படம்தான்: விரித்த வாலின் படம்.