குதிரை வீரர் நடந்து சென்ற நாள்

டூங்கபி என்னும் பெயரே இம்மண்ணின் ஆதிக்குடிகளான தாருக் மக்களின் மொழியிலிருந்து வந்தது. இங்கு குடியேறிய நாம், இந்நாட்டின் வடபால் வாழும் குரிஞ்ஜி மக்களின் வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று. பெயர் எமது குறிஞ்சியை நினைவூட்டினும் அவர்தம் நிலம் வறண்ட சமவெளியே.

வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் அங்கு உலவிய அவர்கள், 1883இல் வேவ்ஹில் மாட்டுப் பண்ணை அமைந்தபின் சொந்த நிலத்திலேயே கூலிகளாயினர். குதிரையேறி மந்தைகளை மேய்த்தவர்களுக்குக் கிடைத்ததோ மாவும் சீனியும் தேயிலையும் சொற்பக் காசுமே.

1966 ஆகஸ்ட் 23இல் வின்சென்ற் லிங்கியாரியின் தலைமையில் ஏறத்தாழ 200 பேர் பண்ணையை விட்டு நடந்தே வெளியேறினர். கூலி மட்டுமன்று, நிலமும் வேண்டுமென 1967இல் மகாதேசாதிபதிக்கு விண்ணப்பித்தனர். அது மறுக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் தளரவில்லை. வாட்டி ஓடைக் கரையிலேயே தங்கினர்.

1975 ஆகஸ்ட் 16இல் பிரதமர் கோஃப் விட்லம், லிங்கியாரியின் உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணைச் சொரிந்தார். அன்று கிட்டியது குத்தகை உரிமையே. முழு உரிமைக்கு 1986 வரை காத்திருந்தனர்.

அந்தப் பிடி மண்ணின் பெறுமதியை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால், நாம் வீடு கட்டி வாழும் இம்மண்ணை இழந்தவர்களும் உளர் என்பதை எம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?