மகளுக்குக் குரல் வாய்த்திருக்கிறதா?



உங்கள் மகள் ஆறாம் வகுப்புக்கு வரும்போது அழகியற் பாடம் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். குரல் நன்றாயிருந்தால் சங்கீதத்தைத் தெரிவாள். ஆசிரியை தமிழ்மொழித் தினப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுப்பார். பாடசாலையில் முதலிடம் வரும், வலயத்திலும் வரும். மாகாணப் போட்டிக்கு முதல் நாள் இரவுதான் வாப்பாவுக்கு விஷயம் தெரியவரும். "இனிப் பாட வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார். பிள்ளை அழ, உம்மா இரு பக்கமும் பேச முடியாமல் நிற்பார்.

வேண்டாம் என்பதானாலும் சரி, பாடட்டும் என்பதானாலும் சரி, அதை ஆறாம் வகுப்பிலேயே பேசி முடியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மேடையேறி வென்ற பிள்ளையைப் பாதி வழியில் இழுத்து இறக்குவது மார்க்கப் பேணுதல் ஆகாது. அது பெற்றோரின் கவனக்குறைவு.

மார்க்க ரீதியாக இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இசைக்கருவிகள் விஷயத்தில் நமது ஷாஃபிஈ மத்ஹபின் பெரும்பான்மையோர் கடுமையாகவே பேசியுள்ளனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ தமது இஹ்யாவில் பாட்டுக் கேட்பது பற்றித் தனியொரு பகுதியே எழுதி, பாட்டின் பொருளையும் கேட்பவரின் நிலையையும் கொண்டு தீர்ப்பு மாறும் என்கிறார்கள். பெண்பிள்ளை அந்நிய ஆண்கள் முன் பாடுவது மற்றொரு கேள்வி. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். கேட்கும்போது "பாடலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எதை, யார் முன்னால், எந்த வயதில் என்று விபரமாகக் கேட்டால்தான் விபரமான பதில் கிடைக்கும்.

பாடத்திட்டத்தையும் அறிந்து வையுங்கள். கர்நாடக சங்கீதத்தில் முதலில் வருவன ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம். இவை வெறும் ஸ்வரங்கள். தஜ்வீதில் மக்ரஜ் பழகுவது போன்ற குரற்பயிற்சிதான். அடுத்து கீதம். தொடக்கத்தில் மலஹரி ராகத்தில் கற்பிக்கும் கீதங்களுக்குப் பிள்ளாரி கீதம் என்றே பெயர். பிள்ளாரி என்றால் பிள்ளையார். ஆக, நம் வீட்டுப் பிள்ளைக்குச் சங்கடம் வருவது பெரிய மேடையில் அல்ல, ஆரம்ப வகுப்பிலேயே. அந்த இடத்தில் ஆசிரியையிடம் மரியாதையாகப் பேசுங்கள். ஜதிஸ்வரத்தில் சாகித்தியம் இல்லை. ராக ஆலாபனையிலும் கற்பனா ஸ்வரத்திலும் தெய்வப் பெயர் வருவதில்லை. கீர்த்தனை வரும்போது வேறு உருப்படிக்கு இடமுண்டா என்று விதிகளைப் பார்க்கலாம்.

நம்மிடம் பாட்டு இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடினார். யாழ்ப்பாணத்து அசனா லெப்பைப் புலவரும் நவரத்தினத் திருப்புகழ் பாடியிருக்கிறார். நாகூர் தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ. காதர் முறைப்படி கர்நாடக இசை பயின்றவர். ஷேக் சின்ன மௌலானாவுக்கு நாதஸ்வரத்துக்காக 1998இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது வழங்கியது.

சம்மதம் என்று முடிவு செய்த வீட்டாருக்கு யாழ்ப்பாணத்தைப் போல் வசதியான இடம் இலங்கையில் குறைவு. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்துகிறது. அறிமுறையும் உண்டு, செயன்முறையும் உண்டு. ஆசிரியர் தரத்தை முடித்தவர் கலாவித்தகர். இன்னொரு வழி மருதனார்மடத்தில் உள்ளது. 1960இல் சு. நடேசபிள்ளை அங்கே தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரிக்கு அதிபராயிருந்தவர் மகாராஜபுரம் சந்தானம். 1975இல் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இன்று பீடமாக வளர்ந்திருக்கிறது. உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையிலும் தேறினால் இசையில் பட்டம் படிக்கலாம். கட்டணம் இல்லை. குடும்ப வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும் கைகொடுக்கும்.

1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ் நகரை விட்டு வெளியேற்றப்பட்டபோது பள்ளி மாணவிகளாயிருந்தவர்கள் இன்று தாய்மார். அவர்களில் பலருக்குப் புத்தளத்து முகாம்களில் பாடப்புத்தகமே பெரும்பாடாயிருந்தது. அழகியற் பாடத்தை யார் நினைத்தார்கள்? திரும்பி வந்து குடியேறிய வீடுகளில் அந்தத் தாய்மார் இதைப் பற்றி வாய் திறக்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் திறக்கத்தான் வேண்டும்.

இந்தியா சென்று படிக்க விரும்பினால் இந்தியக் கலாசார உறவுகள் பேரவை உதவுகிறது. வெளிநாட்டு மாணவர்கள் இந்திய இசையும் நடனமும் கற்க, லதா மங்கேஷ்கர் பெயரில் அது ஒரு புலமைப்பரிசில் வழங்குகிறது. அந்தப் பேரவையை 1950இல் நிறுவியவர் யார் தெரியுமா? மௌலானா அபுல் கலாம் ஆஸாத். திருக்குர்ஆனுக்கு விளக்கவுரை எழுதிய ஆலிம். அஹ்மத்நகர் கோட்டைச் சிறையில் அவர் எழுதிய கடிதங்கள் 'குபாரே காதிர்' என்ற நூலாக 1946இல் வந்தன. அதிலொரு கடிதம் முழுக்க இசையைப் பற்றியது; இளமையில் சிதார் பழகியதையும், நிலவில் தாஜ்மஹாலில் அதை மீட்டியதையும் அவர் மறைக்கவில்லை. எல்லா ஆலிம்களும் இதை ஏற்பார்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகளைத் திட்டுமுன் இதையும் அறிந்திருங்கள் என்கிறேன்.

விண்ணப்பம் இணையத்தில்தான். விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரில் கேட்டுக் கொள்ளுங்கள். கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. போகும்போது பிள்ளையின் வாப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்.