மாற்று நுரையீரலில் மூச்சுக்குழாய் ஏன் சுருங்குகிறது?

பதுளைத் தோட்ட லயங்களில் இழுப்பு என்றால் விறகுப் புகையும் ஆஸ்துமாவும்தான் முதலில் நினைவுக்கு வரும். பம்ப் அடித்தால் தணியும். நுரையீரல் மாற்றியவருக்கு, மூச்சுக்குழாயைத் தைத்து ஒட்டிய இடம் தழும்பாகிச் சுருங்கியதால் வரும் இழுப்பு அப்படித் தணியாது.

அந்த இடம் ஏன் தழும்பாகிறது? மூச்சுக்குழாய்ச் சுவருக்கு இரத்தம் தருபவை பெருநாடியிலிருந்து வரும் மெல்லிய கிளைகள். மாற்றும்போது பெரிய இரத்தக்குழாய்களைத் தைப்பார்கள். இந்தக் கிளைகளைப் பெரும்பாலும் இணைப்பதில்லை. புதுக் கிளைகள் முளைக்கச் சில வாரம் ஆகும். அதுவரை, நுரையீரல் நாடியிலிருந்து பின்வழியாகக் கசிந்துவரும் ஒட்சிசன் குறைந்த இரத்தமே தையலைக் காக்கிறது. கடைமடை வயலுக்கு எட்டும் தண்ணீர் மாதிரி. அது போதாவிட்டால் தையல் இடம் தழும்பாகிச் சுருங்கும்.

1963இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனிதருக்கு நுரையீரல் மாற்றினார். அடுத்த இருபது ஆண்டுகளில் பலருக்குத் தையலே பிரிந்தது. 1983இல் டொரொண்டோவில் ஜோயல் கூப்பர் குழு, வயிற்றுக் கொழுப்புத் திரையால் தையலைப் போர்த்தி நீண்டகால வெற்றி கண்டது. இன்று, இரத்தம் எட்டாத நீளத்தைக் குறைக்க, கொடையாளர் பக்கக் குழாயைக் குட்டையாக வெட்டியே தைக்கிறார்கள்.

எப்படிச் சரிசெய்வது? உள்நோக்கிக் குழாய் வழியே பலூனைச் செலுத்தி, சுருங்கிய இடத்தில் ஊதுவார்கள். தழும்பு தடித்திருந்தால் லேசரால் வெட்டுவார்கள். மீண்டும் மீண்டும் சுருங்கினால் ஸ்டென்ட். சிலிக்கன் ஸ்டென்டைக் கழற்றலாம், ஆனால் சளி அடைக்கும். உலோக வலைக்குள் சதை வளர்ந்தால் எடுப்பது கடினம்.

வீட்டில் ஊதிப் பார்க்கும் கருவியில் அளவு இறங்கினால் காத்திருக்கக் கூடாது. கிருமித்தொற்றும் உறுப்பு நிராகரிப்பும் அதே அறிகுறியைக் காட்டும். உள்நோக்கிக் குழாயால் பார்த்தால்தான் பிரித்தறியலாம்.