சங்கிலிக்குச் சம்பளம் இல்லை

தமிழ்நாட்டில் 30 பேர் தங்கும் மனநலக் காப்பகம் ஒன்றை நடத்தக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உரிமக் காகிதங்களை முதலில் முடித்துவிடலாம், அது சின்ன வேலை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநில மனநல ஆணையத்திடம் விண்ணப்பித்தால் 10 நாளில் தற்காலிகப் பதிவு தர வேண்டும். அதற்கு முன் விசாரணை நடத்த வேண்டிய கட்டாயம் ஆணையத்துக்கு இல்லை. பதிவு 12 மாதம் செல்லும். பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை.

இனி அடுப்படி. ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி என்று வைத்தால் 30 பேருக்கு 12 கிலோ. மாதம் 360 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் 14 தீர்ந்து 15ஆவதைப் பிரிக்க வேண்டும். காய்கறி, பருப்பு, பால், கேஸ் எல்லாம் சேர்த்துத் தலைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் என்றால் மாதம் 90,000. தண்ணீருக்கு வீட்டு அளவுகோல் தலைக்கு 135 லிட்டர். 30 பேருக்கு 4,050. 12,000 லிட்டர் லாரி 3 நாளைக்குக்கூட முழுதாக வராது. மருத்துவமனை அளவுகோல்படி படுக்கைக்கு 340 லிட்டர் என்றால் அந்த லாரி ஒரு நாளைக்குத்தான்.

இதுவரை வந்ததெல்லாம் எந்த விடுதிக்கும் உள்ள செலவு. காப்பகத்தைக் காப்பகமாக்குவது ஆள் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரு நாற்காலி எப்போதும் காலியாகாமல் இருக்க 3.5 பேர் வேண்டும். எந்நேரமும் இரண்டு கவனிப்பாளர்கள் என்றால் 7 பேர். காய்ச்சல், பொங்கல், தீபாவளிக்கு ஒருவரைக் கூட்டினால் 8. தலைக்கு 15,000 ரூபாய் வீதம் மாதம் 1,20,000. எந்நேரமும் ஒரு செவிலியர் என்றால் 4 பேர், 20,000 வீதம் 80,000. (சம்பளமும் சாப்பாட்டுச் செலவும் கணக்குக்காக நான் வைத்த தொகைகள், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) சாப்பாடும் இந்த 12 பேர் சம்பளமும் மட்டுமே மாதம் 2,90,000, தங்கியிருப்பவர் ஒருவருக்கு ஏறக்குறைய 9,667. வாடகை, மருந்து, மனநல மருத்துவர் கட்டணம் எதுவும் இதில் சேரவில்லை.

கை எங்கே நடுங்கும்? இரவு ஷிப்டில்தான். எல்லோரும் தூங்கும் 8 மணி நேரத்துக்கு இரண்டு பேரை உட்கார வைப்பதா என்று தோன்றும். கவனிப்பாளர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அது: மாதம் 40,000, ஆண்டுக்கு 4,80,000. கதவைப் பூட்டினால், காலைக் கட்டினால், அவ்வளவும் மிச்சம்.

இந்தக் கணக்கை ஏர்வாடி ஒருமுறை போட்டுப் பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உரிமம் கேட்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் அன்றும் இருந்தது. ஒரே வாரத்தில் அந்த ஊரின் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தனர்.

இன்றைய சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவே இல்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 வரை. மிச்சம் 4,80,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இவற்றை எழுதிப் பார்த்தால், சட்டம் எவ்வளவு மலிவாகக் கேட்கிறது என்று தெரியும்.

காகிதத்தில் மட்டும் சட்டம் கறார். ஒருவரை அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் (சட்டம் இதை ஆதரவுடன் சேர்த்தல் என்கிறது) சேர்த்தால் 7 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாள். முதல் சேர்க்கை 30 நாள் வரை. மேலும் தேவைப்பட்டால் 90, பிறகு 120, பிறகு 180. யாரையாவது உடலால் கட்டுப்படுத்த நேர்ந்தால் மாதா மாதம் வாரியத்துக்கு அறிக்கை. இவற்றை எழுத ஓர் எழுத்தர் போதும். இரவில் விழித்திருக்க எழுத்தரால் ஆகாது.

உங்கள் வீட்டாரை ஒரு காப்பகத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், சுவரில் மாட்டிய பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். போன மாதத்து இரவு டியூட்டிப் பட்டியலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 30 இரவுக்குக் கவனிப்பாளர் பெயர் 60 இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.